தசைக்குள் வந்த அயனி திரும்பும் வழி

1902இல் எர்னஸ்ட் ஓவர்ட்டன் தவளையின் தொடைத் தசை ஒன்றை உப்பில்லாத சர்க்கரைக் கரைசலில் இட்டுப் பார்த்தார். தசை சாகவில்லை. ஆனால் மின்சாரத்தால் தூண்டினாலும் சுருங்கவில்லை. கொஞ்சம் சோற்று உப்பைச் சேர்த்ததும் மறுபடி சுருங்கத் தொடங்கியது. சோடியத்துக்குப் பதிலாக லித்தியம் உப்பைப் போட்டாலும் சுருங்கியது. பொட்டாசியம் உப்பு மட்டும் உதவவில்லை. இதிலிருந்து அவர் துணிச்சலான ஓர் ஊகத்துக்கு வந்தார்: தசை தூண்டப்படும் ஒவ்வொரு முறையும் வெளியிலுள்ள சோடியம் கொஞ்சம் உள்ளே போகிறது, உள்ளேயுள்ள பொட்டாசியம் கொஞ்சம் வெளியே வருகிறது. ஊகம் சரியானதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருப்பதை ஓவர்ட்டனே கண்டு எழுதினார். மனித இதயம் எழுபது ஆண்டு துடிக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு இந்த மாற்றம் நடந்தால் முதியவரின் தசையில் பொட்டாசியம் தீர்ந்து சோடியம் நிறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லை, குழந்தையின் தசையில் உள்ள அளவே முதியவரின் தசையிலும் இருக்கிறது. அப்படியானால் வெளியே போனது எப்படித் திரும்பி வந்தது?

சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகிய உலோக அயனிகள் தசைச் செல்லின் சவ்வுகளைக் கடந்து போய்வரும் வழிகளைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் அறிவை ஓவர்ட்டனின் அந்தக் கேள்வியின் துணையோடு இங்கே பார்க்க விரும்புகிறேன். அயனி நுழையும் கணம் வேகமானது, அளக்க எளிது, பார்க்கவும் அழகு. ஆகவே பாடங்களில் அதற்கே இடம் அதிகம். திரும்பிப் போகும் வழி மெதுவானது, ஆற்றலைத் தின்பது, கண்டுபிடிக்கவும் நாளானது. ஆனால் தசை நோய்களில் பலவும், நாம் அன்றாடம் விழுங்கும் மருந்துகளில் சிலவும் அந்தத் திரும்பும் வழியைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் இருபுறமும் என்ன இருக்கிறது என்ற கணக்கு. ஓய்வில் இருக்கும் நம் தசை நாருக்குள் லிட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லிமோல் பொட்டாசியம். வெளியே 4 மட்டுமே. சோடியம் தலைகீழ்: வெளியே 145, உள்ளே 10 முதல் 15. கால்சியத்தின் நிலை இன்னும் கடுமையானது. வெளியே கட்டுறாத கால்சியம் ஒரு மில்லிமோலுக்குச் சற்று அதிகம். உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மெக்னீசியம் மட்டும் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் உலவுகிறது. இவற்றோடு மின்னழுத்தமும் உண்டு. வெளிப்புறத்தை வைத்துப் பார்த்தால் உட்புறம் 90 மில்லிவோல்ட் எதிர்மறை. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் சவ்வின் தடிமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு என்பதால் அதன் ஊடே நிற்கும் மின்புலம் சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட்டைத் தாண்டும். கொழுப்பாலான அந்தப் படலத்தை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த ஓர் அயனி தானாகக் கடக்க முடியாது. புரதம் ஒன்று வழி விட்டாக வேண்டும்.

பொட்டாசியத்தின் செறிவு வேறுபாடு மட்டுமே சவ்வில் வேலை செய்திருந்தால் மின்னழுத்தம் ஏறக்குறைய மைனஸ் 97 மில்லிவோல்ட்டில் நின்றிருக்கும். உண்மையில் இருப்பது அதற்கு மிக அருகில். ஓய்வு நேரத்துத் தசைச் சவ்வு பொட்டாசியத்துக்கு இடம் கொடுத்துச் சோடியத்துக்கு மறுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தக் கருத்தை ஜூலியஸ் பெர்ன்ஸ்டைன் முன்வைத்ததும் அதே 1902இல்தான்.

சோடியம் உள்ளே ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்கு நெடுநாள் ஓர் எளிய பதில் இருந்தது: சவ்வு அதை நுழையவே விடுவதில்லை. 1941இல் பாயிலும் கான்வேயும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொட்டாசியமும் குளோரைடும் போய்வரும், சோடியம் கடக்காது என்ற அடிப்படையில் தவளைத் தசையின் கணக்கை மிக நேர்த்தியாகச் சரிக்கட்டியது. அந்தக் கட்டுரை வருவதற்கு முன்பே அதன் அடிப்படை ஆட்டம் கண்டிருந்தது. 1939இல் லியான் ஹெப்பல் பொட்டாசியம் இல்லாத உணவில் எலிகளை வளர்த்தபோது அவற்றின் தசையில் பொட்டாசியம் குறைந்து சோடியம் ஏறியிருந்தது. அடுத்த ஆண்டு ஸ்டைன்பாக், அப்படி ஏறிய சோடியம் பொட்டாசியம் கிடைத்ததும் தசையை விட்டு வெளியேறுவதைக் காட்டினார். கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு செய்த சோதனைகளும் அது சவ்வைக் கடக்கிறது என்றே சொல்லின. கடக்கிறது, ஆனாலும் உள்ளே சேரவில்லை என்றால் ஏதோ ஒன்று அதை ஓயாமல் வெளியேற்றுகிறது. ராபர்ட் டீன் 1941இல் அந்த முடிவைத் தயங்காமல் எழுதினார்: ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை வெளியே தள்ளும் ஒரு பம்பு தசைச் சவ்வில் இருக்க வேண்டும். ஓவர்ட்டனின் கேள்விக்கு முப்பத்தொன்பது ஆண்டு கழித்து வந்த பதில் அது. கசியும் படகில் நீரை ஓயாமல் இறைப்பவர்போல் தசை ஓய்விலும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

பம்பு என்பது அப்போது வெறும் சொல். அதற்கு உருவம் கொடுத்தவர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து ஜென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ. மரப்பு மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தவர், நண்டின் கால் நரம்பிலிருந்து எடுத்த சவ்வுத் துணுக்குகளில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருக்கும்போது மட்டும் முழு வேகம் கொண்டு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உடைக்கும் நொதி ஒன்றை 1957இல் விவரித்தார். ஓர் ஏடிபி மூலக்கூறு உடையும்போது மூன்று சோடியம் வெளியே போகிறது, இரண்டு பொட்டாசியம் உள்ளே வருகிறது. அந்த நொதிதான் பம்பு. நோபல் பரிசு ஸ்கோவுக்கு நாற்பது ஆண்டு கழித்து, 1997இல் கிடைத்தது.

எல்லோரும் இதை ஏற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. கில்பர்ட் லிங் 1949இல் ரால்ஃப் ஜெரார்டுடன் சேர்ந்து மிக நுண்ணிய கண்ணாடி மின்முனையால் தவளைத் தசை நாரின் மின்னழுத்தத்தை நம்பத்தக்க முறையில் அளந்தவர். இத்துறைக்கே கருவி தந்தவர். அதே மனிதர் பிறகு பம்புக் கொள்கையின் கடும் எதிர்ப்பாளராக மாறினார். தசைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வரும் சோடியம் முழுவதையும் பம்பு தள்ளுவதென்றால் செல்லிடம் இருக்கும் ஆற்றல் போதாது என்பது அவர் வாதம். பொட்டாசியம் செல்லின் புரதங்களோடு கட்டுண்டு கிடக்கிறது என்றார். முடிவில் சான்றுகள் அவருக்கு எதிராகவே குவிந்தன. ஆனால் ஆற்றல் கணக்கு எங்கே என்று கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு முன்பே உசிங் 1940களின் இறுதியில் அதே கேள்வியைக் கேட்டு வேறொரு பதிலைக் கண்டிருந்தார். போய்வரும் சோடியத்தில் ஒரு பகுதி ஒன்றுக்கு ஒன்றாக இடம் மாற்றிக்கொள்கிறது. அதற்கு ஆற்றல் தேவையில்லை. எதிர்ப்பு வலுவாக இருந்த இடத்தில்தான் அளவீடு துல்லியமானது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

நுழையும் வழிக்கு வருவோம். 1976இல் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் கோட்டிங்கனில், நரம்பு அறுக்கப்பட்ட தவளைத் தசை நாரின்மீது கண்ணாடிக் குழாயின் நுனியை அழுத்திவைத்து, ஒற்றைப் புரதத்தின் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். அது அசட்டைல்கோலின் ஏற்பி. நரம்பு முனையிலிருந்து வரும் அசட்டைல்கோலின் ஒட்டியதும் திறந்து சோடியத்தை உள்ளே விடும் கால்வாய். நல்ல பாம்பு கடித்தவரின் இமை சரிவதும் மூச்சுத் தசைகள் ஓய்வதும் அதன் நஞ்சு இந்த ஏற்பியைப் பற்றிக்கொண்டு திறக்க விடாமல் தடுப்பதால்தான். தசை கெட்டுவிடவில்லை, சோடியம் நுழையும் முதல் வாய் அடைபட்டிருக்கிறது.

அந்த முதல் வாயில் தொடங்கும் மின்மாற்றம் பக்கத்திலுள்ள சோடியக் கால்வாய்களைத் திறக்கிறது. அலை தசை நார் நெடுக ஓடுகிறது. பின்னால் பொட்டாசியக் கால்வாய்கள் திறந்து மின்னழுத்தத்தை மீட்கின்றன. பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியத்தைப் பொட்டாசியக் கால்வாய் எப்படித் தடுக்கிறது என்பது நெடுநாள் புதிர். ராடரிக் மெக்கின்னன் 1998இல் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயைப் படிக எக்ஸ் கதிர் முறையில் படம்பிடித்து அதை விடுவித்தார். கால்வாயின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. நீரை உதறிவிட்டு வரும் பொட்டாசியத்துக்கு அவை நீரின் இடத்தை அப்படியே ஈடுசெய்கின்றன. சோடியத்துக்கு அந்த இடைவெளி பொருந்தாததால் நீரை உதறுவது அதற்குக் கட்டுப்படியாகாது.

ஒரு கால்வாய் நொடிக்கு ஒரு கோடி அயனிகளைக்கூட விடும். ஒரு பம்பு நொடிக்கு நூறு சுற்றைத் தாண்டுவதே அரிது. நுழைவுக்கும் திரும்புதலுக்கும் இடையே இருக்கும் இந்த லட்சம் மடங்கு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பலவும் விளங்கும். ஒரு கால்வாய் கணநேரம் திறந்து விட்டதைச் சரிசெய்ய எண்ணற்ற பம்புகள் பாடுபட வேண்டும்.

கால்சியத்தின் வரலாறு குழாய்த் தண்ணீரில் தொடங்குகிறது. லண்டனில் சிட்னி ரிங்கர் 1882இல் தவளை இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கச் செய்தார். அந்த உப்பு நீர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்ததல்ல, குழாய்த் தண்ணீரில் கரைத்தது என்பது பின்னால் தெரியவந்தது. வடித்த நீருக்கு மாறியதும் துடிப்பு மெலிந்து நின்றது. லண்டன் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை நடத்தியிருக்கிறது. 1883இல் அதை அவரே வெளிப்படையாக எழுதித் திருத்தினார். மருத்துவமனைகளில் இன்றும் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் அந்தத் திருத்தமும் சேர்ந்திருக்கிறது.

எலும்புத் தசைக்கும் கால்சியம்தான் செய்தி சொல்கிறதா? 1947இல் ஹைல்பிரனும் வியர்சின்ஸ்கியும் தவளைத் தசை நார்த் துண்டுகளுக்குள் பல்வேறு உப்புகளைச் செலுத்தினார்கள். உடலில் இயல்பாக உள்ள அயனிகளில் கால்சியம் மட்டுமே அவற்றைச் சுருங்க வைத்தது. உடனே ஏ. வி. ஹில் கணக்குப் போட்டு மறுத்தார். சவ்விலிருந்து நாரின் நடுவரை கால்சியம் பரவிச் சேர ஆகும் நேரம், தூண்டியதும் தசை முழுவதும் விழித்துக்கொள்ளும் நேரத்தைவிட மிக அதிகம். கணக்கில் பிழையில்லை. ஆனால் கால்சியம் வெளிச்சவ்விலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்ற எடுகோள் தவறு.

அதைக் காட்டியவை மூன்று தனித்தனிச் சோதனைகள். ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ராபர்ட் டெய்லரும் 1950களில் நுண் மின்முனையைத் தசை நாரின் மேற்பரப்பில் இடம் இடமாக வைத்துத் தூண்டினார்கள். எல்லா இடத்திலும் சுருக்கம் வரவில்லை. தவளையில், நாரின் குறுக்கே வரிவரியாகத் தெரியும் இசட் கோட்டுக்கு நேர் மேலே, அதிலும் சில புள்ளிகளில் மட்டுமே வந்தது. அந்தப் புள்ளிகள் சவ்வு உள்ளே குழிந்து நாரின் நடுவரை செல்லும் நுண்குழாய்களின் வாய்கள். வெளிச்சவ்வே உள்ளே வந்துவிடுவதால் செய்தி மின்சாரமாகப் போகிறது, பரவிச் செல்லத் தேவையில்லை. இரண்டாவது, 1957இல் போர்ட்டரும் பலாடேயும் மின்னணு நுண்ணோக்கியில் கண்ட, நாருக்குள் பரவிய சவ்வுப் பின்னலான சார்கோபிளாச வலை. இத்தாலியின் பவியாவில் எமிலியோ வெராட்டி அதை 1902லேயே வெள்ளிச் சாயமிட்டு வரைந்திருந்தார். அரை நூற்றாண்டு அந்தப் படங்களைக் கண்டுகொள்பவர் இல்லை. அதே 1902! ஓவர்ட்டனின் கேள்வியும், பெர்ன்ஸ்டைனின் கருத்தும், வெராட்டியின் வலையும் ஒரே ஆண்டில் வந்தும் ஒன்றையொன்று சந்திக்காமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது, ஏனென்றால் கால்சியத்தின் வேலை சுருக்கத்தில் அல்ல, தளர்வில் வெளிப்பட்டது. 1951இல் மார்ஷ் தசையைக் கூழாக்கிப் பார்த்தபோது அதன் சாற்றில் சுருங்கிய நார்களைத் தளரச் செய்யும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டார். தளர்வுக் காரணி என்று பெயரிட்டு, கரையக்கூடிய ஒரு மூலக்கூறாக எண்ணி அதைப் பலர் தேடினார்கள். அது சாற்றில் மிதக்கும் சவ்வுத் துணுக்குகள் என்பதும், அவை கால்சியத்தை உறிஞ்சி எடுப்பதால்தான் தசை தளர்கிறது என்பதும் 1960களின் தொடக்கத்தில் உறுதியாயின. ஜப்பானின் செட்சுரோ எபாஷியும், ஹைடல்பெர்கில் ஹாசல்பாக்கும் மகினோசேயும் இதை நிறுவினார்கள். துணுக்குகள் வேறெதுவுமல்ல, சார்கோபிளாச வலைதான். ஏடிபியைச் செலவிட்டுக் கால்சியத்தைத் தன் வயிற்றுக்குள் இழுக்கும் பம்பு அதன் சவ்வில் நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. தொடர்ந்து எபாஷி, கால்சியம் ஒட்டும் இடமான ட்ரோபோனினைப் பிரித்தெடுத்தார்; சுருக்கும் இழைகளான ஆக்டினும் மையோசினும் பற்றிக்கொள்ளலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் புரதம் அது.

ஆக, தசைச் செல்லில் அயனி கடக்க வேண்டிய சவ்வுகள் இரண்டு: வெளிச்சவ்வு, சார்கோபிளாச வலை என்ற உள்வலையின் சவ்வு. இவ்விரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில் எலும்புத் தசையும் இதயமும் பிரிந்து போகின்றன. இதயத்தில் வெளிச்சவ்வின் கால்சியக் கால்வாய் திறந்து கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. அது உள்வலையின் ரயனோடின் ஏற்பியைத் தொட்டுப் பெருங்கால்சியத்தை வெளியே விடச் செய்கிறது. தென் அமெரிக்கச் செடி ஒன்றின் நஞ்சு ஒட்டுவதால் அந்த ஏற்பிக்கு அப்பெயர். 1993இல் செங், லெடரர், கானல் மூவரும் ஒளிரும் சாயமிட்டு, ஓரிடத்து ஏற்பிகள் சில திறக்கும்போது எழும் கால்சியப் பொறிகளைக் கண்ணால் காணச் செய்தார்கள். ரிங்கரின் இதயம் கால்சியமற்ற நீரில் நின்றதற்குக் காரணம் இதுதான்: வெளியிலிருந்து வரும் அந்தச் சிறு பங்கு இல்லாமல் பெரும்பங்கு கிளம்பாது.

எலும்புத் தசைக்கு அந்தச் சிறு பங்கும் தேவையில்லை. 1972இல் ஆம்ஸ்ட்ராங், பெசனியா, ஹொரோவிச் மூவரும் வெளிக் கால்சியத்தை ஏறக்குறைய முற்றிலும் அகற்றிய பிறகும் தவளைத் தசை நார் சுருங்குவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஷ்னைடரும் சாண்ட்லரும் நுண்குழாய்ச் சவ்வில் அயனி எதுவும் கடக்காத, இருந்த இடத்திலேயே மின்னூட்டம் அசையும் சிறிய ஓட்டம் ஒன்றை அளந்தார்கள். மின்னழுத்தம் மாறும்போது ஒரு புரதம் உருமாறுகிறது, அந்த உருமாற்றமே எதிரிலிருக்கும் உள்வலைக்குச் செய்தி. அப்புரதம் வெளிச்சவ்வின் கால்சியக் கால்வாயேதான். 1988இல் நூமா, தனபே, பீம் ஆகியோர் அந்தக் கால்வாய் இல்லாததால் சுருங்காத எலித் தசைச் செல்களுக்கு அதன் மரபணுவைக் கொடுத்துச் சுருங்க வைத்தார்கள். கால்சியத்தை விடுவதற்கென்று அமைந்த கால்வாய் எலும்புத் தசையில் முதன்மையாக மின்னழுத்தத்தை உணரும் உறுப்பாக வேலை செய்கிறது.

மெக்னீசியத்தைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே உண்டு, ஆனால் அது அழகானது. தன் அளவில் பெரிய மாற்றமின்றிச் செல்லுக்குள் நிற்கும் மெக்னீசியம் ரயனோடின் ஏற்பியை இறுக்கி மூடிவைத்திருக்கிறது. மெல்போர்னில் கிரஹாம் லாம்பும் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் 1990களில் காட்டியபடி, மின்னுணர்வுப் புரதம் செய்வது பெரும்பாலும் இந்தப் பிடியைத் தளர்த்துவதுதான். மெக்னீசியம் அசையாமல் இருப்பதே அதன் வேலை.

சுருக்கம் முடிந்தது. வேகத் தசையில் ஏறக்குறைய நூறு மடங்கு ஏறிய கால்சியம் சில பத்து மில்லி நொடிகளில் இறங்க வேண்டும். உள்வலையின் பம்பு ஓர் ஏடிபிக்கு இரண்டு கால்சியத்தை உள்ளே எடுக்கிறது. டொராண்டோவில் டேவிட் மெக்லென்னன் அதை 1970இல் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 2000இல் டோக்கியோவின் சிகாஷி டொயோஷிமா முயல் தசையிலிருந்து எடுத்த அதே பம்பின் அணு அமைப்பை வெளியிட்டார். சவ்வைக் கடக்கும் பத்துச் சுருள்கள், அவற்றின் நடுவே இரண்டு கால்சியம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று பகுதிகள். கால்சியம் இல்லாத நிலையின் படமும் இரண்டாண்டில் வந்தபோது அந்த மூன்று பகுதிகளும் முற்றிலும் வேறிடத்தில் இருந்தன. பம்பு ஒவ்வொரு சுற்றிலும் தன் உடல் முழுவதையும் திருகி வேலை செய்கிறது. கால்வாயின் வேகம் அதற்கு வராததன் காரணம் கண்முன்னே தெரிகிறது. உள்வலைச் சவ்வின் புரதத்தில் பெரும்பங்கு இந்த ஒரே பம்பாக இருப்பதன் காரணமும் அதுதான்.

இந்த உழைப்பு வெப்பமாகவும் வெளிப்படுகிறது. மயில்மீனுக்கும் வாள்மீனுக்கும் கண்ணை அசைக்கும் தசை ஒன்று சுருங்கும் இழைகளையெல்லாம் இழந்து, உள்வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் மட்டும் நிறைந்த சூடேற்றியாக மாறியிருக்கிறது. கால்சியம் கசிகிறது, பம்பு அதைத் திரும்ப எடுக்கிறது. அந்தச் சுழற்சியின் வெப்பம் குளிர்ந்த ஆழ்கடலில் மீனின் கண்ணையும் மூளையையும் காக்கிறது. பாலூட்டிகளிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முத்து பெரியசாமியின் குழு 2012இல், சார்கோலிபின் என்ற சிறு புரதம் இல்லாத எலிகள் குளிரில் உடல் வெப்பத்தைக் காக்க முடியாமல் தவிப்பதைக் காட்டியது. சார்கோலிபின் பம்போடு ஒட்டிக்கொண்டு, ஏடிபி செலவாகியும் கால்சியம் முழுமையாகக் கடக்காதபடி செய்கிறது. வீணாகும் அந்த ஆற்றல்தான் வெப்பம்.

இதுவே கட்டுமீறினால் உயிர் போகும். 1960இல் மெல்போர்னில் டென்பரோவும் லவலும், கால் முறிந்து வந்த இளைஞர் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சாமல் மயக்க மருந்துக்கு அஞ்சியதைப் பதிவு செய்தார்கள். அவர் உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் இருந்தது கட்டுக்கடங்கா உடல்வெப்பம் என்று இன்று அறியப்படும் பரம்பரைக் கோளாறு. ரயனோடின் ஏற்பியில் ஒரு பிழை. ஹாலோதேன் போன்ற ஆவி மருந்து பட்டதும் ஏற்பி திறந்து மூடாமல் நிற்கிறது. பம்பு கசிவைத் துரத்திக்கொண்டு ஏடிபியை எரிக்கிறது, தசை விறைக்கிறது, உடல் கொதிக்கிறது, சிதையும் தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டுகிறது. பன்றிகளிலும் இதே நோய் உண்டு. 1975இல் தென்னாப்பிரிக்காவில் டான்ட்ரோலின் அவற்றைக் காப்பாற்றியது. இன்றும் மனிதருக்கும் அதுதான் மருந்து. பம்பைத் தூண்டி இதைத் தீர்க்க முடியாது. அது ஏற்கெனவே முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. கசிவைத்தான் அடைக்க வேண்டும்.

சோடியமும் பொட்டாசியமும் திரும்பும் வழிக்கு வந்தால் அன்றாட மருத்துவத்துக்கு வந்துவிடுகிறோம். நம் உடலின் பொட்டாசியத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு எலும்புத் தசைக்குள் இருக்கிறது. ரத்த நீரில் இருப்பது சொற்பம். கடுமையாக ஓடும்போது தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியத்தால் ரத்த அளவு 4இலிருந்து 8 வரைகூட ஏறும். படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த எண் வந்தால் மருத்துவர் அஞ்சி ஓடுவார். ஓட்டம் நின்ற சில நிமிடங்களில் அது ஓய்வு அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது, பம்பு அவ்வளவு வேகம் பிடித்திருப்பதால். ஆர்ஹுஸில் டோர்பென் கிளாசன் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார். அட்ரினலினும் இன்சுலினும் தசையின் பம்பை விரைவுபடுத்துகின்றன. பயிற்சி பம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நுண்குழாய்களின் குறுகிய இடத்தில் தேங்கும் பொட்டாசியம் தசை களைப்பில் பங்கு கொள்கிறது. சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் ஏறியவருக்கு மருத்துவர் குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றுவதும், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமாலைக் கொடுப்பதும் இந்த அறிவினால்தான். பொட்டாசியம் உடலை விட்டு அகலவில்லை; தசைக்குள் ஒதுங்குகிறது. அகற்றும் வேலையை டயாலிசிஸ் செய்ய வேண்டும்.

இந்த வழியில் நேரும் கோளாறுகளில் மிகப் புதிரானது பொட்டாசியக் குறைவுத் தசைமுடக்கம். இரவு வயிறாரச் சோறும் இனிப்பும் உண்டு உறங்கியவர் விடிகாலையில் கை கால் அசைக்க முடியாமல் விழிக்கிறார். ரத்தப் பொட்டாசியம் மிகக் குறைவு. உணவு இன்சுலினைக் கூட்டியது, இன்சுலின் பம்பை ஓட்டியது, பொட்டாசியம் தசைக்குள் போனது, இதுவரை விளங்குகிறது. ஆனால் வெளிப் பொட்டாசியம் குறைந்தால் தசைச் சவ்வின் உட்புறம் இன்னும் எதிர்மறையாகி ஓய்வாக இருக்க வேண்டும். இவர்களுக்கோ மின்னழுத்தம் மேலேறி, சோடியக் கால்வாய்கள் செயலற்று, தசை ஊமையாகிறது. விடை 2007இலிருந்து கிடைக்கத் தொடங்கியது. கால்சியக் கால்வாயிலோ சோடியக் கால்வாயிலோ மின்னழுத்தத்தை உணரும் சுருளில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால், அயனி செல்லும் நடுவழிக்கு அப்பால், இருக்கவே கூடாத பக்க ஓட்டை ஒன்று உண்டாகிறது. அதன் வழியே சிறு ஓட்டம் இடைவிடாமல் உள்ளே கசிகிறது. சாதாரண நாளில் வெளியேறும் பொட்டாசிய ஓட்டம் அதை ஈடுகட்டிவிடும். வெளிப் பொட்டாசியம் குறையும்போது அந்த ஓட்டத்தைத் தரும் கால்வாய்களும் அடங்கிவிடுகின்றன. ஈடு இல்லாத கசிவு மின்னழுத்தத்தை மேலே இழுக்கிறது. தைராய்டு மிகையால் வரும் இதே போன்ற தசைமுடக்கம் ஆசிய ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தைராய்டு சரியானால் அது நின்றுவிடும். ஆகவே விடியலில் கால் விழுந்துவிட்டதென்று வரும் இளைஞருக்குப் பொட்டாசியத்தோடு தைராய்டையும் பார்ப்பது அவசியம்.

இதயத்தில் கால்சியம் வெளியிலிருந்து ஒவ்வொரு துடிப்பிலும் நுழைவதால் அதே அளவு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற வேண்டும். அந்த வழியை 1968இல் ராய்ட்டரும் சைட்ஸும் கினிப் பன்றியின் இதயத்தில் கண்டார்கள். மூன்று சோடியம் உள்ளே வரும் விசையில் ஒரு கால்சியம் வெளியே தள்ளப்படுகிறது. கால்சியத்தின் திரும்பும் வழி சோடியத்தின் திரும்பும் வழியை நம்பியிருக்கிறது என்பது இதன் பொருள். வில்லியம் வித்தரிங் நீர்க்கோவை நோயாளிகளுக்குக் கொடுத்து 1785இல் எழுதிய டிஜிட்டாலிஸ் இலை ஏன் பலித்தது என்பது இதன் பிறகே முழுமையாக விளங்கியது. அது சோடியப் பம்பைச் சற்றே தடுக்கிறது; உள்ளே சோடியம் ஏறுகிறது; கால்சியம் வெளியேறும் விசை குறைகிறது; மிஞ்சிய கால்சியம் உள்வலையில் சேர்ந்து அடுத்த துடிப்பை வலுப்படுத்துகிறது. அளவு சற்று மீறினால் அதே கால்சியம் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். நம் வேலியோர மஞ்சள் அரளியின் நஞ்சும் இதே பம்பைத்தான் பற்றுகிறது. அரளி நஞ்சு ஏறியவரின் ரத்தப் பொட்டாசியம் உயர்வதும், இதயத் துடிப்பு தடுமாறுவதும் பம்பு நின்றதன் அடையாளங்கள். இலங்கை மருத்துவமனைகளில் இத்தகைய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு, டிஜிட்டாலிஸ் வகை மருந்தான டிஜாக்சினுக்கென்று உருவாக்கிய எதிர்ப்பொருள் அரளி நஞ்சையும் கட்டிப் பிடித்து இதயத் துடிப்பைச் சீராக்குவதை நிறுவியது. அதிகம் தேவைப்படும் ஊர்களில் அந்த மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருப்பது அறிவியலின் குறையன்று, ஆனாலும் வேதனை.

ரத்தக் குழாய்களின் மென்தசையில் ட்ரோபோனின் இல்லை. கால்சியம் அங்கே கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து மையோசினை இயக்கும் நொதியைத் தூண்டுகிறது. நுழைவு பெரும்பாலும் வெளிச்சவ்வின் கால்சியக் கால்வாய் வழியே. ஃபிரைபர்கில் ஃப்ளெக்கன்ஸ்டைன் 1960களில் வெரபமில் போன்ற மருந்துகள் இதயத்தில் கால்சியத்தை அகற்றியதைப் போன்ற விளைவைத் தருவதைக் கவனித்தார். அங்கிருந்து வளர்ந்த மருந்துக் குடும்பத்தில் வந்ததுதான் ரத்த அழுத்தத்துக்கு வீடுதோறும் விழுங்கப்படும் அம்லோடிபின். நுழைவாயிலை மட்டும் அளவாக மூடி வெற்றி கண்ட மருந்து இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பும் வழியை வலுப்படுத்தும் முயற்சி அவ்வளவு எளிதாகக் கைகூடவில்லை. நலிந்த இதயத்தில் உள்வலைப் பம்பு குறைந்திருப்பதால் அதன் மரபணுவை வைரஸில் ஏற்றி இதயத்துக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சிறிய தொடக்க ஆய்வு நம்பிக்கை தந்தது. 250 நோயாளிகளிடம் செய்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. போதிய மரபணு இதயச் செல்களைச் சென்று சேரவில்லை என்பது ஒரு விளக்கம். என் எண்ணத்தில் அந்த முடிவு கருத்தைத் தோற்கடிக்கவில்லை, கொண்டுசேர்க்கும் முறையைத்தான் தோற்கடித்தது. ஆனால் நோயாளிக்கு இரண்டும் ஒன்றே. டிஸ்ட்ரோபின் புரதம் இல்லாத டுஷேன் தசைச்சிதைவு நோயிலும் இதே கேள்வி நிற்கிறது. அங்கே வலுவிழந்த சவ்வின் வழியே கால்சியம் கசிந்து புரதம் அரிக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. 2011இல் மோல்கென்டினின் குழு நோயுள்ள எலிகளின் தசையில் உள்வலைப் பம்பை மட்டும் அதிகப்படுத்தியது. டிஸ்ட்ரோபின் திரும்பி வராமலேயே சிதைவு வெகுவாகக் குறைந்தது. ஒரு சிறுவனின் தசை முழுவதற்கும் அதைச் செய்ய இன்னும் வழி பிறக்கவில்லை.

அடிப்படையிலும் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. எலும்புத் தசையில் மின்னுணர்வுப் புரதத்தின் அசைவு ரயனோடின் ஏற்பியை எந்தத் தொடுகையால் திறக்கிறது? இரண்டின் அமைப்பும் 2015 வாக்கில் மின்னணு நுண்ணோக்கியில் அணு அளவை நெருங்கிப் படமாகிவிட்டன. இரண்டையும் இணைக்கும் இடம் மட்டும் தெளிவாகவில்லை. 2017இல் பீமின் குழு, தசையே அல்லாத செல்களில் ஐந்து புரதங்களைச் சேர்த்து வளர்த்தது: கால்சியக் கால்வாயின் இரு பகுதிகள், ரயனோடின் ஏற்பி, இரு சவ்வுகளையும் நெருக்கிக் கட்டும் ஜங்டோஃபிலின், ஸ்டாக்3 என்ற சிறு புரதம். மின்னழுத்தத்தை மாற்றியதும் வெளிக் கால்சியத்தின் உதவியின்றியே உள்வலையிலிருந்து கால்சியம் வெளிவந்தது. வேண்டியவை ஐந்து என்று தெரிந்துவிட்டது. அந்த ஐந்தில் எது எதைத் தொடுகிறது என்ற தேடல் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.